ரொம்ப க்ளியர்

தன் பெயரை முதுகில் போட்டுக்கொண்டு முன்பின் தெரியாத ஒரு வெள்ளைக்காரர் கடையில் தக்காளி பொறுக்குவதைப் பார்த்த கிணத்துக்கடவுக்காரர் வெள்ளியங்கிரி ஒருவராகத்தான் இருப்பார். அமெரிக்காவில் அப்பாவின் பெயர் பிள்ளைக்குக் குடும்பப் பெயராகிவிடும். மகன் ரஞ்சித்குமார் குவார்ட்டர்பேக் ஆனதும், அவனுடைய ஜெர்சியில் இந்தத் தோளிலிருந்து அந்தத் தோள்வரைக்கும் வெள்ளியங்கிரி என்று பதினோரு ஆங்கில எழுத்து ஓடியது. அதற்குக் கீழே பதினொன்றாம் நம்பர். டி.வி.யில் வர்ணனை செய்கிறவர்களுக்கு நாக்குப் புரளவில்லை. நாலு நாள் தடுமாறிவிட்டு 'வெல்லி' என்று வெட்டிவிட்டார்கள். அப்பாவுக்கு அதிலும் பெருமைதான்.

ஊரில் இருந்த சொந்தக்காரர்களுக்குத்தான் கடைசிவரை விஷயம் பிடிபடவில்லை. ஃபுட்பால் என்றால் கால்பந்துதானே என்று நினைத்துக்கொண்டு, "கோல் எத்தனை போட்டான்?" என்று ஃபோன் போட்டுக் கேட்பார்கள். அம்மா கண்மணிதான் பொறுமையாக விளக்குவாள். "பேர்லதானுங்க காலு, ஆட்டமெல்லாம் கையிலதான். எதுக்க நூத்தி முப்பது கிலோ ஆளுங்க நாலஞ்சு பேரு இவனைச் சாய்க்க ஓடி வருவாங்க. அவங்க வந்து சேர்றதுக்குள்ள, மூணு செகண்டுல, பந்தை யாருக்கு எறியறதுன்னு பார்த்து எறியோணும். அதுதான் என்ற பையன் வேலை."

"அவனுங்க வந்து மோதிட்டா?" என்று நாத்தனார் ஒருத்தி கேட்டாள்.

"மோதத்தான் செய்வாங்க," என்றாள் கண்மணி. அப்போது அதைச் சிரித்துக்கொண்டே சொன்னாள்.

மோதினார்கள். ஒன்பது வருஷம் மோதினார்கள். நியூ ஜெர்சியில் நாலு வருஷம், கலிஃபோர்னியாவின் பே ஏரியாவில் மூன்று, கடைசியில் வீடு இருந்த டெக்ஸஸுக்கே திரும்பி வந்து இரண்டு. பெரும்பாலும் அவன் இரண்டாவது ஆள், முதல் குவார்ட்டர்பேக்குக்கு அடிபட்டால் இறங்குகிறவன். தொடக்கத்திலிருந்து ஆடிய ஆட்டங்கள் மொத்தமே பதினாலுதான். ஆனால் நியூ ஜெர்சியில் ஒரு டிசம்பர் மாதம், பனி கொட்டிக்கொண்டிருக்கும்போது, முழங்கால் பிசகிய முதல் ஆளுக்குப் பதிலாக இறங்கி, எல்லாரும் எழுந்து வீட்டுக்குக் கிளம்பிவிட்ட ஆட்டத்தைத் திருப்பி வாங்கிக் கொடுத்தான். அடுத்த மாதம் தமிழ்ச் சங்கத்துப் பொங்கல் விழாவில் பொன்னாடை போர்த்தினார்கள். ஆறடி மூன்று அங்குலப் பையன், சங்கத் தலைவருக்கு எட்டட்டும் என்று குனிந்து நிற்கும் படம் டெக்ஸஸில் கேட்டி என்கிற ஊரில் இருக்கிற அவர்கள் வீட்டு ஹாலில் இன்னும் மாட்டியிருக்கிறது.

அந்தப் படத்துக்கு நேர் மேலே, மாடியறையில், ரஞ்சித் இப்போது இருக்கிறான். முப்பத்தாறு வயது. முந்நூறு ஆட்டத் திட்டங்களை மனப்பாடமாக வைத்திருந்த தலைக்கு இன்றைக்கு மைக்ரோவேவில் எந்தப் பட்டனை அமுக்குவது என்று தெரியாமல் போய்விடுகிறது. சத்தம் ஆகவே ஆகாது. ஒரு தடவை கடையில் யாரோ தட்டுகளைக் கீழே போட்டார்கள், அவ்வளவுதான், இவன் தலையைக் கைகளால் மூடிக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டான். எழுப்பப் போன அப்பாவின் மூக்கில் இவன் முழங்கை பட்டு ரத்தம் வந்தது. அவனுடைய மனைவி மானஸா இதையெல்லாம் இரண்டு வருஷம் பொறுத்துப் பார்த்துவிட்டுப் போய்விட்டாள். அவளைக் குறை சொல்லக் கண்மணிக்கு மனசு வரவில்லை. இருக்கிறவர்களுக்குத்தான் தெரியும் இருக்கிற கஷ்டம்.

டாக்டர் நல்ல மனுஷர். ஆனால் அவர் சொன்னது எந்தத் தாயும் கேட்கக் கூடாத பேச்சு. தலையில் திரும்பத் திரும்ப விழுந்த அடிதான் காரணமாக இருக்கும், ஆனால் இந்த நோய் என்று உறுதியாகச் சொல்ல முடியாது, காலமான பிறகு மூளையைப் பார்த்தால்தான் தெரியும் என்றார். ரஞ்சித் அங்கேயே ஒரு படிவம் வாங்கி, தனக்குப் பிறகு தன் மூளையை ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று கையெழுத்துப் போட்டான். இனி வருகிற பையன்களுக்காவது உதவட்டும் என்றான்.

நல்ல நாளும் கெட்ட நாளும் மாறி மாறி வந்தன. அதில் ஒரு கொடுமை இருந்தது. அதைக் கண்மணி புருஷனிடம்கூடச் சொன்னதில்லை.

ரஞ்சித் கிண்டர்கார்டன் போன நாளிலிருந்து அவளிடம் தமிழில் பதில் சொன்னதில்லை. "சாப்டியா கண்ணு?" என்று இவள் கேட்டால் "யெஸ், மா" என்பான். கெஞ்சிப் பார்த்தாள், திட்டிப் பார்த்தாள், சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு இழுத்துக்கொண்டு போனாள். புரியும், வாய் மட்டும் திறக்காது. இப்போது நல்ல நாட்களில் அதே இங்கிலீஷ். கெட்ட நாட்களில், புத்தி எங்கேயோ கழன்றுகொண்டு போகிற நாட்களில், அஞ்சு வயசுப் பிள்ளையின் தமிழ் வந்துவிடும். "அம்மா, பசிக்குது. பருப்புச் சோறு ஊட்டி விடு." இவளும் உட்கார்ந்து பிசைந்து ஊட்டுவாள். ஊட்டும்போது நெஞ்சுக்குள் ஒரு சந்தோஷம் பொங்கும். முப்பது வருஷமாகக் காத்திருந்த தமிழ் அல்லவா. அடுத்த நிமிஷம் தன் மேலேயே காறித் துப்பிக்கொள்ள வேண்டும் போலிருக்கும். பிள்ளைக்குப் புத்தி போன நாளில் சந்தோஷப்படுகிற தாய் உண்டா என்று பாத்ரூமுக்குப் போய் அழுதுவிட்டு வருவாள்.

அந்தச் சந்தோஷம் அவளுக்குப் புதிதல்ல. ஏற்கெனவே ஒருமுறை அது அவளை ஏமாற்றியிருக்கிறது.

டாக்டர் கொடுத்த படிவத்தில் ஒரு கேள்வி: தலையில் முதல் பலத்த அடி எந்த வயதில்? ரஞ்சித் யோசித்து, இருபத்து நாலு, நியூ ஜெர்சி என்று எழுதினான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த கண்மணி அதைப் படித்தாள். பதினேழு, கேட்டி என்று அவள் சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை.

பத்தொன்பது வருஷத்துக்கு முந்தைய சங்கதி. ரஞ்சித் ஹைஸ்கூலில் கடைசி வருஷம். வெள்ளியங்கிரிக்கு அப்போது கடலுக்குள் எண்ணெய்த் தளத்தில் வேலை, இரண்டு வாரத்துக்கு ஒருமுறைதான் வீடு. ஆட்டம் நடக்கிற வெள்ளிக்கிழமைகளில் ஆட்டக்காரர்களின் அம்மாக்கள் மைதானத்தில் கடை போட்டு நாச்சோஸ் என்கிற சோளச் சிப்ஸ் விற்பார்கள். கண்மணியும் நிற்பாள். இங்கிலீஷ் சரியாக வராததால் அவளுக்குச் சீஸ் ஊற்றுகிற வேலை. ஆட்டம் முடியச் சில நிமிஷமே பாக்கி இருக்கும்போது ஒரு பெண் ஓடி வந்து, உன் மகனுக்கு அடி, ட்ரெயினர் உன்னைக் கூப்பிடுகிறார் என்றாள். சீஸ் கரண்டியைக் கையில் பிடித்தபடியே ஓடினாள்.

ரஞ்சித் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். அடிபட்டவர்களைச் சோதிக்கிற ட்ரெயினர் அவன் முன்னால் மண்டியிட்டு, ஸ்கோர் என்ன, யாரோடு ஆடுகிறோம், இது எந்த ஊர் என்று கேட்டுக்கொண்டிருந்தார். பையன் அவருக்குப் புரியாத பாஷையில் பதில் சொல்கிறான், அதனால்தான் அம்மாவைக் கூப்பிட்டிருக்கிறார். கண்மணியைப் பார்த்ததும் ரஞ்சித் முகம் மலர்ந்தது.

"பொள்ளாச்சி பஸ் போயிருச்சாம்மா?" என்றான்.

அஞ்சு வயதில், கிண்டர்கார்டன் சேருமுன், ஒரே ஒரு தடவை ஊருக்குப் போயிருந்தான். கிணத்துக்கடவில் நின்று பஸ்ஸுக்குக் காத்திருந்தது எந்த மூலையில் கிடந்ததோ, அடிபட்டதும் மேலே வந்துவிட்டது. கண்மணிக்குப் பஸ் காதில் விழவில்லை, தமிழ்தான் விழுந்தது. பன்னிரண்டு வருஷத்துக்கு அப்புறம் பிள்ளை தமிழில் பேசுகிறான். அதுவும் ஒரு பிசிறில்லாமல், 'ள்ளா' சுத்தமாக, ஊர்ப் பையன் மாதிரியே பேசுகிறான்.

"இஸ் ஹி மேக்கிங் சென்ஸ், மேம்? இஸ் ஹி க்ளியர்?" என்று ட்ரெயினர் கேட்டார்.

நம்மூரில் ஒரு குழந்தை மழலை இல்லாமல் பேசினால் என்ன சொல்வோம்? க்ளியரா பேசுதே என்போம். கண்மணிக்கும் அதுதான் வாயில் வந்தது. "யெஸ், யெஸ். வெரி க்ளியர்," என்றாள், கண் கலங்கச் சிரித்துக்கொண்டு.

தப்பு அதில்கூட இல்லை. சொல்லி முடித்த அடுத்த விநாடி அவளுக்கு உறைத்தது. பஸ்ஸா? எந்தப் பஸ்? ட்ரெயினர் எழுந்து கோச்சைப் பார்த்துக் கட்டை விரலைத் தூக்கிக் காட்டுவதற்குள் இரண்டு மூச்சு விடுகிற நேரம் இருந்தது. "நோ" என்று ஒரு வார்த்தை போதும். ஆனால் அத்தனை பேர் முன்னால், இந்த இங்கிலீஷை வைத்துக்கொண்டு, சொன்னதை எப்படித் திருப்பி வாங்குவது? கூச்சம் வாயை அடைத்தது. பையன் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு ஓடினான்.

முப்பத்தெட்டு விநாடி பாக்கி இருக்கும்போது ஐம்பத்திரண்டு கெஜம் எறிந்தான். ஜெயித்தார்கள். ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்க வந்திருந்த கல்லூரி ஆள் மறுநாளே வீட்டுக்கு ஃபோன் செய்தார். கல்லூரி, அதிலிருந்து நியூ ஜெர்சி, பே ஏரியா, பொன்னாடை, எல்லாம் அந்த ஒரு எறியிலிருந்து வந்தவை. அன்றைக்கு வீட்டுக்குத் திரும்பும்போது காருக்குள்ளேயே வாந்தி எடுத்தான். நாச்சோஸ் ஒத்துக்கொள்ளவில்லை என்று கண்மணி புருஷனுக்கு ஃபோனில் சொன்னாள். அப்படியே இருக்கட்டும் என்று தனக்கும் சொல்லிக்கொண்டாள்.

இப்போது அந்தப் பள்ளிக்கூடம் பதினொன்றாம் நம்பருக்கு ஓய்வு கொடுக்கப் போகிறது. இனிமேல் யாருக்கும் அந்த நம்பர் கிடையாது. செப்டம்பர் மாத வெள்ளிக்கிழமை ஒன்றில், ஆட்டம் தொடங்குமுன், சட்டையைக் கண்ணாடிச் சட்டத்தில் போட்டு மைதானத்தின் நடுவில் ரஞ்சித்துக்குக் கொடுப்பார்கள். பெரிய திரையில் அந்த எறியைப் போட்டுக் காட்டுவார்கள்.

எதையும் கேட்காமல் கிடந்த பையன் இதற்கு ஆசைப்பட்டான். யார் கையையும் பிடிக்காமல், கோட்டுக்கு வெளியிலிருந்து நடுவரைக்கும், தானே நடந்து போய் வாங்க வேண்டும். வேறு ஒன்றுமில்லை. மூன்று வாரம் சாயங்காலமானால் வீட்டு வாசலிலிருந்து தெருமுனைத் தபால் பெட்டிவரைக்கும் நடந்து பழகினான். அடி எண்ணிக்கொண்டே போவான், எண்ணிக்கொண்டே வருவான். தள்ளாடிய நாளில் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பான். வெள்ளியங்கிரி ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, "நடை இன்னைக்குப் பரவால்ல, இல்லீங்களா?" என்று மனைவியிடமே மரியாதையாகக் கேட்பார். பயம் வந்தால் அவருக்கு அப்படித்தான் பேச்சு மாறும்.

அந்தத் திரையில் அந்த எறி ஓடும்போது உண்மையை வயிற்றில் வைத்துக்கொண்டு கைதட்டத் தன்னால் முடியாது என்று கண்மணிக்குத் தெரிந்துவிட்டது. அதற்கு முன்னால் சொல்லிவிட வேண்டும். நல்ல நாளில்தான் சொல்ல வேண்டும். நல்ல நாள் என்றால் அவன் பாஷை இங்கிலீஷ். எனவே இங்கிலீஷிலேயே சொல்வது என்று தீர்மானித்து, மூன்று நாள் அடுப்படியில் பாத்திரங்களைப் பார்த்துச் சொல்லிச் சொல்லிப் பழகினாள். பிள்ளை நடை பழகினான், தாய் பேச்சுப் பழகினாள்.

அந்த வெள்ளிக்கிழமை நல்ல நாளாகவே விடிந்தது. வெள்ளியங்கிரி கோட்டு சூட்டோடு முன்னாலேயே போய்விட்டார். கண்மணிதான் காரை ஓட்டிக்கொண்டு போனாள். மைதானத்தின் பின்பக்கம் காரை நிறுத்தினாள். சாவியைத் திருப்பி அணைத்துவிட்டு, ஸ்டியரிங்கைப் பார்த்தபடியே சொன்னாள்.

"ரஞ்சித். ஃபர்ஸ்ட் ஹிட், நாட் நியூ ஜெர்சி. ஃபர்ஸ்ட் ஹிட் ஹியர். திஸ் க்ரௌண்ட். யூ வேர் செவன்டீன். ட்ரெயினர் ஆஸ்க்ட் மீ. ஐ செட் வெரி க்ளியர். யூ வேர் நாட் க்ளியர்." பழகிய வாக்கியத்தில் கடைசி இரண்டு சொல் பாக்கி இருந்தது. அதையும் சொன்னாள். "ஐ நியூ."

வெளியே மேளக்காரப் பையன்கள் வாத்தியங்களைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

"வாட் டிட் ஐ சே?" என்றான் ரஞ்சித். "எக்ஸாக்ட்லி."

"பொள்ளாச்சி பஸ் போயிருச்சாம்மான்னு கேட்ட கண்ணு. நீ தமிழ் பேசினியா, எனக்கு அந்தச் சந்தோஷத்துல..."

அவன் கண்ணாடி வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். உதடு மட்டும் ஏதோ அசைந்தது. திட்டுவான் என்று காத்திருந்தாள், அழுவான் என்று காத்திருந்தாள். அவன் கதவைத் திறந்து ஒரு காலை வெளியே வைத்துவிட்டு, அவர்கள் இன்றைக்கும் உன்னைத்தான் கேட்பார்கள், நான் சரியாக இருக்கிறேன் என்று சொல்லு என்று இங்கிலீஷில் சொன்னான்.

"சொல்றேன் சாமி."

"ப்ராமிஸ்?"

"ப்ராமிஸ்."

இறங்கி நடந்தான். மன்னித்தானா இல்லையா என்று முதுகைப் பார்த்து எப்படிச் சொல்வது.

மைதானத்துக்குள் போகிற சுரங்கப் பாதையின் வாயில் மூன்று பேரும் நின்றார்கள். காதில் மைக் மாட்டிய ஒரு சின்னப் பெண்தான் எல்லாவற்றையும் நடத்தினாள். முன்னமே வெள்ளியங்கிரி அவளிடம் மகனின் நிலையைச் சொல்லி வைத்திருந்தார். அவனால் முடியாவிட்டால் அப்பா போய் வாங்குவது என்று ஏற்பாடு. வெளியே பத்தாயிரம் பேர். திடீரென்று மேளங்கள் ஒன்றாக இடிக்க ஆரம்பித்தன. சுரங்கத்துக்குள் அந்தச் சத்தம் நெஞ்சில் வந்து மோதியது. ரஞ்சித் கண்ணை மூடிக்கொண்டான். கண்மணிக்கு ஐயோ என்றிருந்தது. தட்டு விழுந்த சத்தத்துக்கே சுருண்டவன்.

மேளம் நின்றது. ஒலிபெருக்கியில் 'வெல்லி' என்று இழுத்தார்கள். அந்தப் பெண் கையைத் தூக்கி, "ரெடி?" என்றாள். ரஞ்சித் கண்ணைத் திறந்தான். அம்மா பக்கம் திரும்பி, பொன்னாடைக்குக் குனிந்தமாதிரி குனிந்து, அவள் காதோரம் சொன்னான்.

"பொள்ளாச்சி பஸ் போயிருச்சாம்மா?"

கண்மணியின் முகத்தைப் பார்த்த அந்தப் பெண் பதறினாள். "வாட் இஸ் ஹி சேயிங்? இஸ் ஹி ஓகே டு கோ, மேம்?"

பத்தொன்பது வருஷமாக அந்தக் கேள்வி திரும்ப வந்தால் என்ன சொல்ல வேண்டும் என்று எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்திருக்கிறாள். காரில் கொடுத்த வாக்கு ஞாபகம் வந்தது. வந்தால் வரட்டும். பத்தாயிரம் பேர் முன்னால் பிள்ளை விழுவதைவிட, பிள்ளையிடம் பொய்க்காரி ஆவது மேல். இந்தத் தடவை கூச்சமே இல்லை.

"நோ," என்றாள் உரக்க. "நாட் க்ளியர்."

அந்தப் பெண் காது மைக்கில் ஏதோ சொன்னாள். யாரோ வெள்ளியங்கிரியின் முழங்கையைப் பிடித்து வெளிச்சத்துக்கு இழுத்துக்கொண்டு போனார்கள்.

"மா," என்றான் ரஞ்சித்.

அவள் நிமிர்ந்தாள். அவன் கண் நேராக இருந்தது. அவளைத்தான் பார்த்தது. உதட்டோரத்தில் ஒரு சிரிப்பு இன்னும் முழுசாக அணையாமல் இருந்தது. குனிந்தபோதே இருந்த சிரிப்பு. அவள் காதைக் கொடுத்தாளே தவிர முகத்தைப் பார்க்கவில்லை.

"ஐ வாஸ் கிட்டிங், மா."

காரில் உதடு அசைந்தது எதற்கென்று இப்போது புரிந்தது. மனப்பாடம் செய்திருக்கிறான். பரவாயில்லை விடும்மா என்று சொல்லத் தெரியாமல், அதே வார்த்தையைத் திருப்பிக் கொடுத்துச் சிரிக்க வைக்கப் பார்த்திருக்கிறான். புத்தி தெளிவாக இருக்கும்போது, தானாக விரும்பி, அவளுக்காகவே, வளர்ந்த பிறகு அவன் பேசிய முதல் தமிழ் அது.

கண்மணி அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஹி இஸ் க்ளியர்! ஐ மிஸ்டேக்! வெரி க்ளியர், வெரி க்ளியர்!" அந்தப் பெண் அவள் தோளைத் தடவி, "இட்ஸ் ஓகே, மேம். வி காட் இட்," என்று ஆதரவாகச் சொன்னாள். இந்தக் காலத்தில் யாரும் அம்மாவின் பேச்சை நம்பிப் பையனை வெளியே அனுப்புவதில்லை. நல்லதுதான். பத்தொன்பது வருஷம் கழித்து வந்த நல்லது.

மைதானத்தின் நடுவில் வெள்ளியங்கிரி தன் பெயர் எழுதிய சட்டையைத் தானே வாங்கிக்கொண்டு, எந்தப் பக்கம் பார்த்துக் கும்பிடுவது என்று தெரியாமல் நின்றார். திரையில் பதினேழு வயசுப் பையன் பந்தை எறிந்தான். பந்து போய்க்கொண்டே இருந்தது. ரஞ்சித் சுவரில் சாய்ந்து, கைகளைக் கட்டிக்கொண்டு, வேறு யாருடைய ஆட்டத்தையோ பார்க்கிறமாதிரி பார்த்தான்.

"கண்ணு," என்றாள் கண்மணி. அவன் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். "இன்னொருக்காச் சொல்லு சாமி. இப்பச் சொல்லு. அம்மா சிரிக்கிறேன்."

அவன் அவளைப் பார்த்தான். சொல்ல வாயெடுத்தமாதிரிகூட இருந்தது.

"நெவர் மைண்ட், மா," என்றான். "லெட்ஸ் கோ ஹோம்."